ஹீட்டரை அணைத்து வைத்த தண்ணீர்

ஆகஸ்டில் ஃபர்வானியாவில்
குழாயை நீலப் பக்கம் திருப்பினால் வெந்நீர்.
மாடித் தொட்டி பகலெல்லாம் வெந்து
ராத்திரி பதினொன்றுக்கும் ஆறாது.
அதனால் மே மாதமே ஹீட்டர் சுவிட்சை அணைத்து
மேலே பிளாஸ்திரி ஒட்டிவிட்டு
சிவப்புப் பக்கம் திருப்பிக் குளிக்கிறோம்.
வந்த புதிதில் இதை யாரும் சொல்லவில்லை.
முதல் கோடையில்
என் தலையை நானே அவித்தேன்.

அது மட்டுமா.
பல் மருத்துவமனையில், வரவேற்பு மேசையில்
"கொஞ்சம் நீட்டாக இருக்கணும், பெனிட்டா"
என்றார் மேலாளர்.
முடியைத்தான் சொல்கிறார் என்று புரிய
இரண்டு நாள் ஆயிற்று.
நீட்டினேன்.
ஆறு வருஷம் நீட்டினேன்.
காலை ஐந்தரைக்கு இருநூற்றிருபது டிகிரி இஸ்திரி,
நோன்புக்கு முன்னால் ஒரு கெராட்டின்,
மூக்கில் ஈரத்துணி, கண்ணில் புகை,
பதினெட்டு தினார், அதுவும் தவணையில்.
சிவில் அட்டைப் படத்தில்
ஜன்னல் கம்பி மாதிரி தொங்குகிறது.

பிறகு ஒடிய ஆரம்பித்தது.
தலையணையில், கீபோர்டில்,
ஒரு நோயாளியின் பில்லில்கூட
கமா போட்ட மாதிரி துண்டு துண்டாக.

இக்லாஸ் எனக்கு மேல்கட்டில்.
ஓம்துர்மான்காரி, டயாலிசிஸ் வார்டு.
வெள்ளிக்கிழமை மட்டும் தன் பின்னல்களை அவிழ்ப்பாள்.
அன்றைக்கு என் நுனி ஒன்றை ஈரத்தோடு பிடித்து இழுத்தாள்.
ரப்பராய் நீண்டது,
திரும்பி வரவில்லை,
அறுந்தது.
"மாத்" என்றாள். செத்துப்போச்சு.
வார்டில் சொல்லும் குரல் அதுதான் என்று நினைக்கிறேன்.
கட்டிலுக்கடியில் நான் சேர்த்துவைத்திருந்த டப்பாக்களை
ஒவ்வொன்றாய்த் திருப்பிப் பார்த்தாள்.
"ஒட்டவைக்கலாம். மூன்று நாளைக்கு."

அவள் சொன்னதெல்லாம் சரியென்றும் இல்லை.
அவளுடைய கர்கார் எண்ணெயைத் தடவிப் போன அன்று
மேலாளர் ஒன்பது தும்மல் தும்மினார்.
ஆளிவிதை காய்ச்சி ஆறவைத்த கூழில்
சூப் என்று நினைத்து
மாரிவிக் உப்பைப் போட்டுவிட்டாள்.
குளியலறையில் ஆளுக்கு இருபது நிமிஷம்,
பதினெட்டில் கதவு தட்டப்படும்.
சீப்பில்லாமல், விரலால்,
கண்டிஷனர் வழுக்க வழுக்கச் சிக்கெடுத்து
டவலை விட்டு
அண்ணன் விட்டுப்போன எண்ணெய்க் கம்பெனி பனியனில்
மெல்லப் பிழிகிறேன்.
பனியனின் முதுகில்: பாதுகாப்பே முதலில்.

எட்டு மாதத்தில்
மேலே நாலு விரல் சுருள்,
கீழே ஒரு சாண் கம்பி.
இரண்டும் சேரும் இடத்தில் கை வைக்கப் பயம்.
எது உன் முடி என்று கேட்டால்
இரண்டையும் காட்டவேண்டும்.
சம்பளம் வாங்கியது
கீழே இருப்பதுதான்.

தூசுக்காற்று அடித்த ஒரு வியாழன் இரவு
ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி சொருகிவிட்டு
கத்தரிக்கோலை எடுத்தேன்.
காயவைத்து, ஒவ்வொரு சுருளாய்,
அது எங்கே திரும்ப மறந்ததோ அங்கே.
இடது பக்கம் சரியாக வந்தது.
வலது பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது.
தரையில் கிடந்ததை மாரிவிக் அளந்து பார்த்து
"ஒரு பொம்மைக்கு ஆகும்" என்றாள்.
நான் அழுதேனா என்று கேட்டால்
தூசு என்பேன்.

ஞாயிற்றுக்கிழமை மேலாளர்
என் முகத்தை விட்டுவிட்டு என் தலையோடு பேசினார்.
"என்ன ஆச்சு?"
"ரத்தூபா, சார். காற்றில் ஈரம்."
அவர் ஏசியைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை.

போன வாரம் வங்கியில்
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மறுபடி அட்டையை.
ஆள் வேறு என்றாள்.
காதோரச் சுருள் ஒன்றைப் பிடித்து
மோவாய்வரை நீட்டிக் காட்டினேன்,
இதோ, படத்தில் இருப்பவள்.
விட்டேன்.
சட்டென்று மேலே ஏறிக்கொண்டது.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.
"இன்னொரு தடவை" என்றாள்.